கூடப்பிறந்தவளுக்கு ஒரு கடிதம்

அத்தியாயம் 14

சேத்தியாத்தோப்பு பஸ் கால் மணி நேரம் தாமதம். அது வராமலே போய்விட்டாலும் தேவலை என்று நினைத்தபடி விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார் கொளஞ்சிநாதன்.

வந்துவிட்டது. படிக்கட்டில் முதலில் ஒரு பெரிய பை இறங்கியது. பைக்குப் பின்னால் அவருடைய தங்கை வேல்விழி இறங்கினாள்.

“என்னாண்ணே, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? ஸ்கேனு எனக்கா, உனக்கா?”

“வாய மூடிக்கினு வா பாப்பா. பையக் குடு.”

நாற்பத்தொரு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். பையைக் கொடுத்தாள். கனத்தில் அவர் கை கீழே இறங்கியது.

“கல்லு வச்சிருக்கியா உள்ள?”

“உளுந்து. கத்திரிக்கா. மதிக்கு முறுக்கு சுட்டேன். எண்ணெ சட்டிகிட்ட நின்னதுல பஸ்ஸையே விட்டிருப்பேன்.”

இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஏதோ உருளுகிறது என்று போன வாரம் போனில் சொன்னவள், முறுக்கு சுட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் புருஷன் நெல் அறுப்பில் இருந்தார். “நீ கூட வாண்ணே. உனக்குத்தான் ஆஸ்பத்திரி பழக்கம் இருக்குதே” என்று அவள் கேட்டபோது மறுக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். வேல்விழிக்குத் தெரியாது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் புதுச்சேரியில் கொளஞ்சிநாதனின் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய். ‘ஆம்பளைக்கு வருமா?’ என்று முதலில் கேட்டவரே அவர்தான். நூறு பேருக்கு வந்தால் அதில் ஒருவர் ஆண் என்றார் அங்கிருந்த டாக்டர். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். அவருடைய டோக்கனைக் கூப்பிட்ட அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “உங்க வூட்டம்மா எங்க சார்? பேஷண்ட வரச் சொல்லுங்க” என்றாள். அந்த ஒரு நிமிடத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

யாரிடமும் சொல்வதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டார். செராமிக் கம்பெனியில் இதய ஆபரேஷன் என்று சொல்லி லீவு எடுத்தார். கம்பெனியில் தீக்காயம் என்று சொன்னால் எடுபடாது. அவர் சூளை மேஸ்திரி, அங்கே நடப்பது எல்லோருக்கும் தெரியும். தங்கை வீட்டில் சொன்னது வேறு. சூளைக் கதவைத் திறக்கும்போது அனல் நெஞ்சில் அடித்துவிட்டது என்றார். விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகள் மதிவதனிக்கும் அதே அனல் கதைதான். உண்மை தெரிந்தவள் மனைவி வாசுகி ஒருத்தி.

ஆனால் உண்மை அதோடு முடியவில்லை. ஆண்களுக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி செய்யும் குழு ஒன்று அங்கே அவரிடம் ரத்தம் எடுத்தது. போன ஆவணியில் முடிவு வந்தது. பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு. கூடப்பிறந்தவளுக்கும் பெற்ற மகளுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். குழுவின் ஆலோசகர் கயல்விழி ஓர் உறையைக் கொடுத்தாள்.

“சார், இது உங்க தங்கச்சிக்கு. எந்த டாக்டர்கிட்ட காட்டுனாலும் அவங்களுக்குப் புரியும். மறக்காம குடுத்துடுங்க.”

ஐந்து மாதமாகிவிட்டது. அந்த உறை வேல்விழியின் கைக்குப் போகவில்லை. எங்கே போனது என்று வாசுகிக்குக்கூடத் தெரியாது.

*

ஸ்கேன் சென்டரில் நல்ல கூட்டம். தை மாதக் குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேல்விழி உள்ளே ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, டாக்டர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள். அப்போதுதான் கொளஞ்சிநாதனுக்கு அது ஏறியது. வயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சு, கழுத்து, காது என்று குபுகுபுவென்று அனல். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நோய் திரும்பாமல் இருக்கத் தினம் ஒன்று வீதம் ஐந்து வருடத்துக்கு விழுங்க வேண்டிய மாத்திரையின் வேலை அது. சூளைப் பக்கம் நிற்கும்போது வந்தால் பிரச்சினை இல்லை. பழியைச் சூளை மேல் போட்டுவிடலாம்.

பக்கத்தில் இருந்த அம்மாள் வேல்விழியிடம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “எனக்கு அது நின்னு ஒரு வருசம் ஆவுதும்மா. திடீர்னு ஒடம்பு எரியும் பாரு, ஃபேனு கீழ உக்காந்தாலும் ஊத்தும். தலகாணியே நனைஞ்சுடும்.”

“எங்கண்ணனப் பாருங்க, அதுக்கு மேல ஊத்துது” என்று சிரித்தாள் வேல்விழி.

அந்த அம்மாளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கொளஞ்சிநாதன் துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். தேவைக்கு அதிகமான நேரம் துடைத்தார்.

“வேல்விழி வாங்க!”

டாக்டர் பூர்ணிமாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். எத்தனை நாளாக, வலி உண்டா, எந்தப் பக்கம். வேல்விழி தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எந்தப் பக்கம் என்று கேட்டதற்குக் கையை வைத்துக் காட்டினாள். கொளஞ்சிநாதன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“ரத்த சொந்தத்துல யாருக்காவது மார்பகப் புற்றுநோய், இல்ல சினைப்பையில புற்றுநோய் இருந்திருக்கா? அம்மா, அக்கா, அத்தை?”

“யாருக்கும் இல்லீங்க. அத்தை ஒருத்தங்க சின்ன வயசுலயே தவறிட்டாங்க, என்னா நோயின்னு தெரியாது.” அண்ணன் பக்கம் திரும்பினாள். “இல்லல்ல? உனக்கு ஏதாவது தெரியுமாண்ணே?”

டாக்டரும் அவரைப் பார்த்தார்.

கம்பெனியில் சூளையிலிருந்து வெளியே வரும் சரக்கை அவர்தான் தட்டிப் பார்ப்பார். ணங்கென்று கேட்டால் நல்லது. டொக்கென்று கேட்டால் உள்ளே விரிசல். வெளியே எவ்வளவு பளபளத்தாலும் தூக்கி எறிந்துவிடுவார். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் காது ஏமாந்ததில்லை.

“தெரியலைங்க” என்றார்.

அவர் காதிலேயே அது டொக்கென்றுதான் விழுந்தது.

டாக்டர் தாளில் ‘இல்லை’ என்று எழுதினார். “ஸ்கேன்ல சாதாரணக் கட்டி மாதிரிதாம்மா தெரியுது. ஓரமெல்லாம் ஒழுங்கா இருக்கு. குடும்பத்துல யாருக்காவது இருந்திருந்தா இப்பவே ஊசி வச்சு சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருப்பேன். இல்லேங்கறீங்க. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுப்போம். நடுவுல பெருசாச்சுன்னா உடனே வாங்க.”

வேல்விழி கையெடுத்துக் கும்பிட்டாள். எழுந்தாள். கதவுக்கு வெளியே போனாள்.

கொளஞ்சிநாதன் கதவைப் பிடித்தபடி நின்றார். ஆறு மாதம். தனக்கு முதலில் தட்டுப்பட்ட கட்டியை ‘சூட்டுக் கொப்புளம்’ என்று அவரே விட்டு வைத்ததும் ஆறு மாதம்தான்.

“டாக்டர்…”

“சொல்லுங்க.”

வாய் திறந்தது. கையில் இருந்த ஸ்கேன் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

“இந்தப் படம் மடங்காம இருக்க… கவரு ஒண்ணு கெடைக்குங்களா?”

நர்ஸ் ஒரு பெரிய கவரை எடுத்து நீட்டினாள்.

*

“இன்னிக்கி டீ என் செலவு” என்றாள் வேல்விழி. ஸ்கேன் சென்டருக்கு எதிரே இருந்த கடையில் வடையும் சொன்னாள். ரெண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லையாம். மச்சானிடம்கூட முதலில் சொல்லவில்லையாம். பேசிக்கொண்டே ஒரு வடையை முடித்துவிட்டு அண்ணன் தட்டிலிருந்ததையும் எடுத்தாள்.

“நீ ஏன் இப்பிடி இருக்க? எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான சொன்னாங்க?”

“ஆமா பாப்பா.”

“அப்ப சிரியேன்.”

அவர் சிரிக்கப் பார்த்தபோது கடை முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. பச்சமுத்து. அவரோடு சூளையில் வேலை பார்ப்பவன். கம்பெனிக்கு டீ வாங்கிப் போக வந்திருந்தான்.

“அண்ணே! லீவுன்னீங்க, இங்க வடை ஓடிக்கினு இருக்குது?”

“தங்கச்சி வந்திருக்குது பச்சமுத்து.”

“வணக்கங்க. அண்ணனுக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. ஹார்ட்டுல கத்தி வச்ச மனுசன், சூளைகிட்ட நிக்காதீங்கன்னா கேக்கறதில்ல. நாங்கள்லாம் வெத்து ஒடம்போட நிப்போம். இவரு கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கினு புது மாப்ள மாதிரி நிக்கறாரு. வேர்வையில குளிக்கறாருங்க!”

சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

வேல்விழி கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்தாள்.

“ஹார்ட்டா?”

“அவன் ஒரு லூசு. யாருக்கோ நடந்தத எம்மேல போட்டுப் பேசறான்.”

“அனல் அடிச்சுதுன்னுதான எங்ககிட்ட சொன்ன?”

“ஆமா.”

“அந்தச் சூளையிலதான அவனும் நிக்கறான்? உன் நெஞ்சு வெந்தது அவனுக்குத் தெரியாதா?”

கொளஞ்சிநாதன் டீ கிளாஸைப் பார்த்தார். அடியில் கொஞ்சம் சக்கைதான் இருந்தது. அதைக் குடிப்பது போல வாயில் வைத்தார்.

“சரி விடு” என்றாள் அவள். குரலில் இருந்த துள்ளல் போயிருந்தது. “கெளம்பு. கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவணும். நட சாத்தறதுக்குள்ள போனாத்தான்.”

கேள்வியிலிருந்து தப்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு. எதற்குக் கோயில் என்று கேட்காமலே ஆட்டோவைக் கூப்பிட்டார்.

மணவாளநல்லூர் ரோட்டில் ஆட்டோ திரும்பும்போது வாசுகி போன் செய்தாள்.

“என்னா சொன்னாங்க?”

“ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க.”

“அப்பாடா! ஏங்க, நீங்க ஒண்ணும் வாய விடலியே?”

“இல்ல.”

“விட்றாதீங்க. ஞாயித்துக்கெழம மங்களூர்லேருந்து மதியப் பொண்ணு பாக்க வராங்க. ரத்தத்துலயே இருக்குதுன்னு தெரிஞ்சா எவன் வாசப்படி மிதிப்பான்? ஒரு மூணு முடிச்சு விழற வரைக்கும்.”

வாசுகியைக் குறை சொல்லிவிட முடியாது. அவருடைய புண்ணை அருவருப்பில்லாமல் கழுவியவள் அவள்தான். ரத்தக் கறை பட்ட பனியன்களை மகள் கண்ணில் படாமல் துவைத்தவளும் அவள்தான். “சரி” என்று வைத்தார்.

“அண்ணியா? என்னாத்துக்கு ‘இல்ல’ன்ன?” என்றாள் வேல்விழி.

“சாப்டீங்களான்னு கேட்டா.”

காலையிலிருந்து இது எத்தனையாவது பொய் என்று எண்ணுவதை அவர் விட்டுவிட்டார்.

*

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதில்லை. காணாமல் போன மாடு, ஏமாற்றிய பங்காளி, தீராத வயிற்றுவலி, எதுவாக இருந்தாலும் தாளில் எழுதி சாமி முன்னால் வைத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிடுவார்கள். காரியம் முடிந்தால் திரும்ப வந்து, பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் சாமி வழக்கை நடத்திக்கொண்டே இருப்பார்.

வேல்விழி மஞ்சப்பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தபோதுதான் கொளஞ்சிநாதனுக்கு விஷயம் உறைத்தது.

“மூணு வாரம் முன்னாடி தனியா வந்து பிராது கட்டிட்டுப் போனேண்ணே. இது கெட்ட கட்டியா இருக்கக் கூடாதுன்னு. உன் வூட்டுக்குக்கூட வரல, அழுதுடுவேன்னு பயம். இப்பத்தான் ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே. ராஜினாமா குடுத்துடலாம். கண்ணாடி எடுத்துக்கினு வரல. நீ எழுது.”

பிரகாரத்துத் தூண் ஓரமாக உட்கார்ந்தார்கள். எதிரே வேல். அதில் தாள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. எல்லாமே வெளுக்காத புதுத் தாள்கள். பழையவற்றை எடுத்துவிட்டிருப்பார்கள்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவரும் இங்கே வந்திருந்தார். ‘என் தங்கைக்கும் மகளுக்கும் இந்த நோய் வராமல் காப்பாற்று’ என்று எழுதி, கயல்விழி கொடுத்த கடிதத்தையும் அதற்குள் வைத்து மடித்து, நூல் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். பாரம் இறங்கியது போல இருந்தது. சாமி பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார். சாமியை நம்பிக் கட்டியிருந்தால்கூட மன்னிக்கலாம். தங்கையின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கட்டியது அது.

“எழுதிக்கோ” என்றாள் வேல்விழி. “கொளஞ்சியப்பருக்கு, சேத்தியாத்தோப்பு வேல்விழி எழுதிக்கறது. நான் குடுத்த பிராது தீந்துடுச்சு. எனக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க.”

‘கொளஞ்சியப்பருக்கு, சேத்தியாத்தோப்பு வேல்விழி எழுதிக்கொள்வது’ என்பது வரை எழுதினார். பேனா நின்றுவிட்டது.

“என்னாண்ணே? மை வரலியா?”

“வருது.”

“அப்பறம்?”

“என்னால எழுத முடியாது பாப்பா. பிராது தீரல.”

அவள் அவரைப் பார்த்தாள்.

“எனக்கு அனலும் அடிக்கல, ஹார்ட்டுலயும் ஒண்ணும் இல்ல. புத்துநோய். மாருல.” தாளைப் பார்த்தே பேசினார். “வலது மார எடுத்துட்டாங்க.”

“ஆம்பளைக்கா?” அவளுக்குப் பாதிச் சிரிப்புகூட வந்துவிட்டது. “என்னாண்ணே ஒளர்ற?”

கொளஞ்சிநாதன் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். அடுத்தது. அதற்கடுத்தது. ஒன்றரை வருடமாக வாசுகியைத் தவிர ஒருவர் முன்னாலும் கழற்றாத சட்டை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்ட இரண்டு ஆண்கள் வெற்று மார்போடு அவர்களைத் தாண்டிப் போனார்கள். அவர் சட்டையை விலக்கினார். வலது பக்கம் தட்டையாக இருக்க, நடுநெஞ்சிலிருந்து அக்குள் வரை ஒரு நீளக் கோடு ஓடியது. காம்பு இருந்த இடமே தெரியவில்லை.

வேல்விழியின் சிரிப்பு நின்றது. கை நீண்டு, தொடாமல் திரும்பியது.

எல்லாவற்றையும் சொன்னார். ரத்தம் எடுத்தது, முடிவு வந்தது, பாதிக்குப் பாதி என்றது, அவளுக்கென்று கடிதம் கொடுத்தது. சொல்லச் சொல்ல அவள் கேள்விகள் சின்னதாகிக்கொண்டே வந்தன.

“எப்பலேருந்து தெரியும்?”

“ஆவணியிலேருந்து.”

“காலையில டாக்டரம்மா கேட்டப்ப?”

“தெரியும்.”

“நான் உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டப்ப?”

“தெரியும் பாப்பா.”

அவள் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள். பிறகு, “அந்தக் கடுதாசி எங்க?” என்றாள்.

அவர் எதிரே இருந்த வேலைக் காட்டினார்.

“எனக்கு எழுதுன கடுதாசிய முனியப்பருக்குக் குடுத்தியா?” குரல் உயர்ந்தது. பூக்காரி திரும்பிப் பார்த்தாள். “அவருக்கா ஸ்கேன் எடுக்கப் போறாங்க? அவருக்கா ரெண்டு புள்ளைங்க இருக்குது?”

“வெக்கமா இருந்துச்சு. பொம்பள நோய்னு…”

“எனக்கு மட்டும் வெக்கம் இல்லையா?” இப்போது அவள் கண் நிறைந்துவிட்டது. “நீ பக்கத்துல உக்காந்திருக்க, கட்டி எங்கன்னு கைய வச்சு காட்டுனேன். செத்துடலாம் போல இருந்துச்சு. நம்ம அண்ணன்தானன்னு காட்டுனேன். நீ காலண்டரு பாத்துக்கினு இருந்த.”

அறுத்து எடுத்த நாளில் பட்ட வலியெல்லாம் ஒரு வலியே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

வேல்விழி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அவருடைய சட்டைப் பட்டன்களை, சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல, அவளே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். ஆனால் பாசமாகப் போடவில்லை. வெடுக்கு வெடுக்கென்று இழுத்துப் போட்டாள்.

“டாக்டரம்மா எத்தினி மணி வரைக்கும் இருப்பாங்க?”

“ஒரு மணி.”

“இப்ப?”

“பன்னெண்டேகால்.”

“அந்த ஆராய்ச்சிப் பொண்ணுக்குப் போனப் போடு. கடுதாசி இன்னொண்ணு கேளு.”

கயல்விழி இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். “சார்! எத்தன தடவ கூப்பிட்டேன், கட் பண்ணிட்டே இருந்தீங்க. தங்கச்சிகிட்ட குடுத்துட்டீங்களா?”

“அம்மா, அந்தக் கடிதத்த இன்னொரு தடவ வாட்ஸப்புல அனுப்புவீங்களா?”

“மொதல்ல குடுத்தது என்னாச்சு?”

“அது தொலஞ்சு…”

வேல்விழி அவர் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“தொலையலம்மா” என்றார் கொளஞ்சிநாதன். “நான் குடுக்கல.”

பாதி எழுதிய ராஜினாமாவை வேல்விழி நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். வேலுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

“வழக்கு நடக்கட்டும் சாமி. நான் அப்பறமா வரேன்.”

*

டாக்டர் பூர்ணிமா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம். போனில் இருந்த கடிதத்தை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

“காலையில உங்களைக் கேட்டேன்.”

“கேட்டீங்க.”

“தெரியலைன்னு சொன்னீங்க.”

“பொய்ங்க” என்றார் கொளஞ்சிநாதன். இதைவிடச் சின்ன வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூர்ணிமா காலையில் எழுதிய தாளை எடுத்து, ‘இல்லை’ என்பதை ஒரு கோட்டால் அடித்தார். பக்கத்தில் ‘அண்ணன்’ என்று எழுதினார். தன் உறவு முறை இவ்வளவு கனமாக எழுதப்பட்டு அவர் பார்த்ததில்லை.

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வாங்கம்மா. ஊசி வச்சு சதை எடுத்துடுவோம். சாப்ட்டுட்டே வரலாம். மேமோகிராமும் எடுக்கணும். அப்பறம் உங்களுக்கும் அந்த ரத்த டெஸ்ட் பண்ணணும். சாதாரணக் கட்டியாவும் இருக்கலாம், பயப்படாதீங்க. ஆனா இனிமே அத யூகத்துல விட முடியாது.” கொளஞ்சிநாதன் பக்கம் திரும்பினார். “உங்களுக்குப் பிள்ளைங்க?”

“ஒரே பொண்ணு. இருபத்துமூணு.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

கொளஞ்சிநாதன் தரையைப் பார்த்தார்.

“சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சுடும்ங்க” என்றாள் வேல்விழி.

*

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் வாசுகி வெளியே வந்தாள். நாத்தனாரையும் அவள் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீ அப்பிடியே பஸ் ஏறுவேன்னு நெனச்சேனே வேல்விழி?”

“நாளைக்குத் திரும்ப ஆஸ்பத்திரி போவணும் அண்ணி. இங்கதான் படுக்கப் போறேன்.”

வாசுகியின் முகம் மாறியது. புருஷனைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றும் வேலையில் மும்முரமாக இருந்தார். ஒரு ஜோடிச் செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

“அத்தே!” உள்ளேயிருந்து மதிவதனி ஓடி வந்தாள். பையைப் பிடுங்கி, முறுக்கைக் கண்டுபிடித்து, ஒன்றைக் கடித்துக்கொண்டே கேட்டாள். “டாக்டர் என்னா சொன்னாங்க? கட்டி ஒண்ணும் இல்லல்ல?”

“உங்கப்பா சொல்லுவாரு” என்றாள் வேல்விழி. போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறெங்கும் பார்க்காமல் அண்ணனையே பார்த்தாள்.

வாசுகி சமையலறை வாசலில் நின்று, மகளுக்குத் தெரியாமல் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை. மங்களூர். எல்லாம் அந்த ஆட்டலில் இருந்தது.

அப்போது பார்த்து அது ஏறியது. வயிறு, நெஞ்சு, கழுத்து, காது. வாசற்கதவு வழியாகக் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. கொளஞ்சிநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது.

“ஐய, என்னாப்பா இது, குளிச்ச மாதிரி நனைஞ்சிருக்கீங்க?” மதிவதனி முறுக்கை வாயில் கவ்விக்கொண்டு அவர் முன்னால் கையை நீட்டினாள். “சட்டையக் கழட்டிக் குடுங்க. தொவச்சுப் போடறேன்.”

“நான் தொவச்சுக்கறேன் மதி. நீ உள்ள போ” என்றாள் வாசுகி அவசரமாக.

“நீ சும்மா இரும்மா. கழட்டுங்கப்பா.”

மகளின் கை நீண்டபடியே இருந்தது. நாற்காலியில் வேல்விழி அசையவில்லை.

கொளஞ்சிநாதன் மேல் பட்டனில் விரலை வைத்தார்.

“மதி” என்றார். “கதவச் சாத்திட்டு வந்து இப்பிடி உக்காரு.”